பாசிக்கஞ்சியும் கோடிச் சேலையும்

வண்டன்மேடு,
18-1-1973

மாமா அவர்களுக்கு,

குப்பண்ணன் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அங்கே சுகமில்லை என்று தெரிந்ததால்தான் பேனாவை எடுத்தேன். சுகமாக இருந்திருந்தால் எடுத்திருக்க மாட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் உங்கள் ஊர்ப் பொங்கியண்ணன் ஏலக்காய் வாங்க இங்கே வந்திருந்தார். தோப்பில் மட்டை பொறுக்கிக்கொண்டிருந்தபோது நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்களாம். கோயமுத்தூரில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்களாம். "என்னமோ கொலஸ்ட்ராலாமாப்பா, உங்க மாமனுக்கு ஒடம்பு பூரா இருக்குதாமா" என்றார். பேய் பிடித்ததைச் சொல்வது போலச் சொன்னார். நாலு வருஷமாக உங்களைப் பற்றி யார் எது சொன்னாலும் காதில் வாங்காதவன் நான். அன்றைக்கு வாங்கிவிட்டேன்.

இங்கே எஸ்டேட் ஆஸ்பத்திரி டாக்டரிடம் போய்க் கேட்டேன். இரத்தத்தில் கொழுப்பு கூடினால், பைப்பில் உப்புப் படிகிற மாதிரி நெஞ்சுக்குப் போகிற குழாயில் படிந்துவிடும் என்றார். மருந்து உண்டா என்றதற்கு, வாயைக் கட்டுவதுதான் மருந்து என்றார். நான் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, வெளிநாட்டில் எங்கேயோ கடல்பாசியை எலிகளுக்குத் தின்னக் கொடுத்ததில் கொழுப்பு இறங்கியதாகப் படித்தேன் என்றார். மனிதனுக்கு இறங்குமா என்று யாரும் அடித்துச் சொல்லவில்லையாம். மறைக்காமல் எழுதுகிறேன். நீங்கள் எலி இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சும்மா இருக்க மனசு வரவில்லை.

எங்கள் ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்துகிற சுடலையின் பெண்டாட்டி சந்தனம், ராமநாதபுரத்துக் கடற்கரைக்காரி. அவளிடம் கேட்டால் சிரிக்கிறாள். "அது எங்கூர்ல நோயாளிக்குக் காய்ச்சிக் குடுக்குற கஞ்சிப்பாசி அண்ணாச்சி. அதுக்கா டாக்டர்ட்ட போய் உக்காந்திருந்தீக?" என்றாள். தன் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பி ஒரு சாக்கு வரவழைத்துக் கொடுத்தாள். அதை அப்படியே பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். மூன்று தண்ணீரில் அலசி, மணலும் உப்பும் போனபிறகு வேகவைத்து வடிகட்டிக் கஞ்சியாகக் காலையும் மாலையும் குடிக்க வேண்டும். அரிசியில் கல் பார்க்கிற அழகில் இதில் மணல் பார்க்க வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லுங்கள். அவள் ஆக்கின சோற்றில் கடித்த கல்லுக்கு என் கடைவாய்ப் பல் இன்னும் ஆடுகிறது.

நான் வரமாட்டேன். தங்கச்சி மருதாத்தாளுக்குக் கோடிச் சேலை எடுத்த அன்றைக்கு உங்கள் முகத்தில் விழிப்பதில்லை என்று சொல்லிவிட்டு வந்தவன், சொன்ன சொல்லில்தான் இருக்கிறேன். பதிலும் எழுத வேண்டாம். பாசி தீர்ந்தால் மட்டும் எழுதுங்கள்.

குப்பண்ணன்


பெருமாட்டி,
3-2-1973

மாப்பிள்ளைக்கு,

பாசி தீரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். எழுதக் கூடாது என்று சொல்ல நீ யார்.

உன் சாக்கை ஏலக்காய்க் கடத்தல் என்று நினைத்துக் கம்பம்மெட்டு செக்போஸ்ட்டில் குத்திக் கிளறியிருக்கிறார்கள். ஓட்டை வழியாக மணல் கொட்டிக்கொண்டே வந்திருக்கிறது. பஸ்ஸில் அதன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லையாம். கண்டக்டர் என்னைப் பார்த்து, "உள்ளே என்னங்க செத்துக் கெடக்குது?" என்றான். என் மச்சினன் அனுப்பிய மருந்து என்று சொன்னேன். அவன் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

வாசலில் கொட்டிப் பார்த்தோம். காய்ந்த தென்னை வேர் மாதிரி இருக்கிறது. எருமை மோந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. உன் அக்கா திருப்பிக்கொள்ளவில்லை. நாலு வருஷம் கழித்துத் தம்பி அனுப்பியது அல்லவா, நகைப்பெட்டியைத் திறந்த மாதிரி உட்கார்ந்து பார்த்தாள். "ஏனுங்க, இதைக் கவிச்சிச் சட்டியில வெக்கறதுங்களா, சோத்துச் சட்டியில வெக்கறதுங்களா?" என்றாள். கடலில் இருந்து வந்தது, மீனும் இல்லை, கீரையும் இல்லை. எனக்கும் தெரியவில்லை. கடைசியில் சந்தையில் புதுச் சட்டி வாங்கி வந்தாள்.

கஞ்சி என்று எழுதியிருக்கிறாய். போஸ்டர் ஒட்டுகிற பசைக்கு இதைவிட ருசி இருக்கும். முதல் நாள் குடித்தேன். அடுத்த நாள் வாழைக்கு ஊற்றினேன். மூன்றாம் நாளிலிருந்து நான் குடித்து முடிக்கிறவரை அவள் எதிரில் நிற்கிறாள்.

கோயமுத்தூர் டாக்டர் தேங்காய் கூடாது, தேங்காயெண்ணெய் கூடாது, நெய், முட்டை, ஆட்டுக்கறி எதுவும் கூடாது என்றிருக்கிறார். தோப்புக்காரனுக்குத் தேங்காய் கூடாது என்றால் அவன் எதற்குத் தோப்பில் இருக்க வேண்டும். தினமும் ரசத்தில் சோற்றைக் கரைத்துக் குடிக்கிறேன். வரப்பு ஏறினால் மூச்சு முட்டுகிறது. தெற்குக் கோடி மரங்களைப் பார்த்து வெகுநாள் ஆகிவிட்டது. பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. உன் அக்காவிடம் இதைச் சொல்ல முடியாது. நீ தூரத்தில் இருக்கிறாய், அதனால் உன்னிடம் சொல்கிறேன்.

கோடி விஷயம் எழுதியிருந்தாய். மூத்த மருமகன் நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது. வெள்ளை கட்டாமல் இருந்தால் மருதாத்தாளை ஊர் வாழ விட்டிருக்குமா. நான் சொன்னது சொன்னதுதான்.

சென்னியப்பன்


வண்டன்மேடு,
17-2-1973

மாமா அவர்களுக்கு,

நீங்கள் சொன்னது சொன்னதுதான் என்றால், எனக்கு நடந்தது நடந்ததுதான்.

தங்கச்சி புருஷன் அழகுமலை பாம்பு கடித்துச் செத்தபோது அவளுக்கு இருபத்து நாலு வயது. புருஷனை இழந்தவளுக்குக் கூடப் பொறந்தவன் கோடி எடுத்து வர வேண்டும் என்பது நம் முறை. அவள் கையில் நான் கொடுக்கிற சேலையைத்தான் அவள் கட்ட வேண்டும். நான் பச்சையில் அரக்குக் கரை போட்டதை எடுத்து வந்தேன். தெரிந்தேதான் எடுத்தேன். வாழ்நாள் முழுக்க அவளை வெள்ளையில் பார்க்க எனக்குத் தெம்பில்லை. நீங்கள் அத்தனை பேருக்கு நடுவில் அதை என் கையிலேயே திருப்பிக் கொடுத்து, "போயி வெள்ளை எடுத்துட்டு வா" என்றீர்கள். பிணம் வெயிலில் கிடந்தது. நான் கொழிஞ்சாம்பாறைக்கு சைக்கிளில் போனேன். கடைக்காரன் நல்லதா சுமாரா என்று கேட்டான். வெள்ளையில் நல்லது என்ன, சுமார் என்ன என்று அவன் மேல் விழுந்து சண்டை போட்டேன். உங்களோடு போட வேண்டிய சண்டை அது.

அதற்குப் பிறகுதான் என் பங்கு நிலத்தை விட்டுவிட்டு அவளையும் கூட்டிக்கொண்டு இந்த மலைக்கு வந்தேன். இங்கே மழையிலும் குளிரிலும் அவள் வெள்ளைச் சேலையோடுதான் காய் பிரிக்கிறாள். வேறு கட்டு என்றால், "வேண்டாண்ணா, பழகிப்போச்சு" என்கிறாள்.

இப்போது உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். நாளைக்கு உங்களுக்கு ஒன்று ஆனால் நாச்சம்மா அக்காவுக்குக் கோடி எடுத்து வர வேண்டியவனும் நான்தான். ஒரு கைக்கு ஒரு வெள்ளை போதும் மாமா. இரண்டாவதை என் கையால் எடுக்க மாட்டேன். உங்கள் மேல் உள்ள பாசத்தில் பாசி அனுப்புவதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். எனக்காக அனுப்புகிறேன். அதனால் வாழைக்கு ஊற்றாமல் குடியுங்கள்.

பசை மாதிரி இருக்கிறது என்றால் அது பாசியின் குற்றமில்லை, காய்ச்சினவள் குற்றம். சந்தனம் காய்ச்சிக் கொடுத்ததை நான் இரண்டு டம்ளர் குடித்தேன். ஆறினால் நுங்கு மாதிரி நிற்கிறது. அக்கா பிறந்ததிலிருந்து எதையும் அளவாகக் கொதிக்கவிட்டதில்லை என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். நல்ல ஏலக்காய் கொஞ்சம் இதோடு வைத்திருக்கிறேன், வாசனைக்குப் போடட்டும்.

குப்பண்ணன்


பெருமாட்டி,
25-3-1973

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. கோபமாக எழுத உட்கார்ந்தால் கோபம் வரவில்லை, வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியாது. அப்படியே விட்டுவிட்டேன்.

இப்போது ஒரு நல்ல சேதி. பாசி ஒத்துக்கொண்டுவிட்டது. உன் கடிதத்தை உன் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன், கோடி சம்பந்தமான பகுதியை விட்டுவிட்டுத்தான். அளவாகக் கொதிக்கவிடத் தெரியாது என்று நீ எழுதியதைக் கேட்டு முகம் சிவந்துபோனது. "அவன் கெடக்கறான் வாயாடி. என்னா பக்குவம்னு நாங் காட்டறன்" என்று எழுந்து போனாள். அன்றைக்கு மாலை கொண்டுவந்த கஞ்சியை நான் சட்டியோடு வாங்கிக் குடித்தேன். இப்போது காலையில் அவள் மறந்தால்கூட நானே எங்கே டம்ளர் என்று கேட்கிறேன். மத்தியானமும் ஒன்று கேட்டு வாங்குகிறேன். வெல்லம் தட்டிப் போடுகிறாள். உன் ஏலக்காயும் மணக்கிறது.

வாய்க்கால் வரை நடந்து போய் வந்தேன். நடுவில் இரண்டு இடத்தில் நின்றேன், ஆனால் உட்காரவில்லை. எல்லாரும் முகத்தில் களை வந்திருக்கிறது என்கிறார்கள். உன் அக்கா நம்புகிறாள். அவள் நம்புவதைப் பார்த்து நானும் நம்ப ஆரம்பித்துவிட்டேன். பாசி தீருகிறது. அனுப்பு.

அடுத்த மாதக் கடைசியில் கோயமுத்தூர் போய் மறுபடி இரத்தம் கொடுக்க வேண்டும். முதலில் முந்நூற்றிருபது இருந்தது. இருநூற்றைம்பதுக்குக் கீழே வந்தால் போதும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

சென்னியப்பன்


வண்டன்மேடு,
8-4-1973

மாமா அவர்களுக்கு,

கடிதத்தை மூன்று பேருக்குப் படித்துக் காட்டினேன். மருதாத்தாள் எழுந்து போய் அடுப்பில் காப்பி வைத்தாள், கேட்காமலே எனக்கு ஒரு டம்ளர் கொடுத்தாள். உங்கள் பேச்சு எடுத்தால் அவள் அப்படிச் செய்வது இதுதான் முதல் தடவை. சந்தனம், "நாஞ் சொன்னேன்ல்லா?" என்று ஸ்டோர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். டாக்டர் மட்டும், இரத்தம் சொல்லட்டும், நடை சொல்ல வேண்டாம் என்றார். அவர் ஒரு மாதிரி ஆள், கல்யாணத்தில் போய் ஜாதகம் கேட்பார். ஆனால் உங்கள் ரிப்போர்ட்டை அனுப்பச் சொல்லியிருக்கிறார். எலிக்கு அடுத்தபடி உங்களைத்தான் பேசப்போகிறார்கள்.

சந்தனத்தின் அண்ணன் ஊரில் காற்று மாறி, பாசி எடுக்கிற பெண்கள் கடலில் இறங்க முடியவில்லையாம். வீடு வீடாகக் கேட்டு வாங்கி இன்னொரு சாக்கு சேர்த்தார்கள். இந்த முறை ஏலக்காய் மூட்டை இல்லை என்று சாக்கின் மேலேயே மலையாளத்தில் எழுதியிருக்கிறேன்.

நான் ஒன்று நினைத்திருக்கிறேன். ரிப்போர்ட் நல்லபடி வந்தால் வைகாசி நோம்பித் திருவிழாவுக்கு வருகிறேன். மருதாத்தாளும் வருவாள். முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சொன்னது உண்மைதான். நோம்பிக் கூட்டத்தில் முகம் தானாகத் தெரிந்தால் நான் என்ன செய்ய முடியும்.

அக்காவின் பக்குவம் என்னவென்று எழுதச் சொல்லுங்கள், சந்தனம் கேட்கிறாள். ஜென்மத்தில் ஒருமுறை உருப்படியாக ஒன்றைச் சமைத்திருக்கிறாள், அதையாவது நாலு பேருக்குச் சொல்லிக் கொடுக்கட்டும்.

குப்பண்ணன்


பெருமாட்டி,
6-5-1973

மாப்பிள்ளைக்கு,

முந்நூற்றுத் தொண்ணூறு.

டாக்டர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்றார். நீங்கள் சொன்னபடி எல்லாம் விட்டாயிற்று, கடல்பாசிக் கஞ்சி மட்டும் மூன்று வேளை என்றேன். அவர் உன் அக்காவைப் பார்த்து, எப்படிக் காய்ச்சுவீர்கள் என்றார். அவளுக்கு ஒரே சந்தோஷம். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள். "பாசியை வேகவெச்சு வடிச்சு, ரெண்டு தேங்காயைத் திருகி மொதல் பால் எடுத்து ஊத்திப் போடுவனுங்க. கடல்ல வெளைஞ்சதில்லைங்களா, சூடுங்க. பால் ஊத்துனாத்தான் ஒடம்புக்குக் குளுமைங்க."

ஒரு நாளைக்கு இரண்டு தேங்காய் மாப்பிள்ளை. தேங்காய் கூடாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருக்கிறாரே என்று நீ கேட்பாய். டாக்டரும் கேட்டார். அது சாப்பாட்டுக்குங்க, இது மருந்துங்களே, என்றாள். லேகியத்தை நெய்யில் கிண்டுவார்கள், சூரணத்தைத் தேனில் குழைப்பார்கள். நம் வீட்டில் மருந்தை வெறும் தண்ணீரில் யார் கொடுத்திருக்கிறார்கள். குழம்புக்கு ஒரு கீற்றுத் தேங்காய் சேர்க்காதவள், கஞ்சிக்கு மட்டும் நல்ல காயாகப் பார்த்து உடைத்திருக்கிறாள். நீயும் கஞ்சி என்றுதான் எழுதியிருந்தாய். பால் ஊற்றாத கஞ்சி நம் ஊரில் நோயாளிக்குக் கொடுப்பார்களா?

டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேனாவை மூடி வைத்துவிட்டு, அம்மா, இனிமேல் ஊற்றாதீர்கள் என்று மட்டும் சொன்னார். அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. தனியாகப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அந்தப் புதுச் சட்டியைக் கிணற்றடியில் போட்டு உடைத்தாள். ராத்திரி விழித்துப் பார்த்தால் என் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

எனக்கு அது தேங்காய்ப்பால் என்று முதல் வாயிலேயே தெரியும். பிறந்ததிலிருந்து அதில் வளர்ந்த நாக்கு, தெரியாதா. ருசியாக இருந்தது, பேசாமல் குடித்தேன். இதை அவளிடம் சொன்னேன். என்னைத் தேற்றத்தான் இப்படிச் சொல்றீங்க என்பது போல ஒரு பார்வை பார்த்தாள்.

உன்னால் ஒன்று ஆக வேண்டும். அவள் மனசு ஆறுகிற மாதிரி ஒரு கடிதம் எழுது. நான் அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன். கடற்கரையிலும் தேங்காய்ப்பால் ஊற்றித்தான் குடிக்கிறார்கள் என்று எழுது. உங்கள் டாக்டர் சொன்னதாக எதையாவது எழுது. உனக்குத்தான் வாய் உண்டே. நான் போவதைப் பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. தன் கையால்தான் போனேன் என்று நினைத்துக்கொண்டு அவள் மிச்ச நாளைக் கழிக்கக் கூடாது.

சென்னியப்பன்


வண்டன்மேடு,
15-5-1973

அன்புள்ள மாமா அவர்களுக்கும் அக்காவுக்கும்,

குப்பண்ணன் வணக்கத்துடன் எழுதுகிறேன். இங்கே நானும் மருதாத்தாளும் நலம். ரிப்போர்ட் விவரம் தெரிந்துகொண்டேன். இதற்குக் கவலைப்பட ஒன்றும் இல்லை.

எங்கள் டாக்டரிடம் காட்டினேன். பாசி சாப்பிட ஆரம்பித்ததும் குழாயில் ஒட்டியிருந்த கொழுப்பெல்லாம் கரைந்து இரத்தத்தில் கலந்து வெளியே வருமாம், அதனால் முதலில் எண்ணிக்கை கூடித்தான் இருக்கும், பிறகு தானாக இறங்கிவிடும் என்றார். சந்தனத்திடமும் கேட்டேன். அவர்கள் ஊரிலும் தேங்காய்ப்பால் ஊற்றித்தான் கொடுப்பார்களாம். அக்கா செய்தது சரியான முறைதான் என்றாள். அக்கா யாரிடமும் கேட்காமலே அதைச் செய்திருப்பது ஆச்சரியம் என்றும் சொன்னாள்.

அக்கா மனசைத் தளரவிட வேண்டாம். அக்காவின் கவனிப்பினால்தான் மாமா இவ்வளவு தூரம் நடமாடுகிறார். அக்காவைப் போல் பார்த்துக்கொள்ள யாராலும் முடியாது. அக்காவும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு அன்புள்ள தம்பி,
குப்பண்ணன்


பெருமாட்டி,
9-6-1973

மாப்பிள்ளைக்கு,

பொங்கியண்ணன் ஏலக்காய் எடுக்க வருகிறார், அவர் கையில் கொடுத்து விடுகிறேன். படுத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து இப்படித்தான் இருக்கும்.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். நன்றாகத்தான் எழுதியிருந்தாய். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்று கேட்டாள். பிறகு, "இன்னொருக்காப் படிங்க" என்றாள். படித்தேன். "என்ற தம்பி ஒரு வார்த்தைகூட என்னை வையலீங்களே" என்றாள். "பொறந்ததிலிருந்து அவன் என்னை வையாம ஒரு பேச்சுப் பேசுனதில்லீங்க. இன்னைக்கு வையலீன்னா, அப்ப நாந்தானுங்க" என்றாள். அவ்வளவுதான். உன் மேல் தப்பில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

போன வெள்ளிக்கிழமை நெஞ்சு வலி மறுபடி வந்தது. இந்தத் தடவை உட்காரவில்லை, விழுந்துவிட்டேன். கோயமுத்தூரில் மூன்று நாள் வைத்திருந்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாத வயதா எனக்கு. மிச்சப் பாசியை இப்போது அவள் வெறும் தண்ணீரில் காய்ச்சுகிறாள். எனக்கு இறங்கவில்லை. வீணாகக் கூடாது என்று அவளே குடிக்கிறாள். உப்புக்கூடப் போடுவதில்லை, வேறு எதுவும் சாப்பிடுவதும் இல்லை.

நீ வர வேண்டும். வெறுங்கையோடு வராதே. அக்காவுக்கு அரக்குச் சேலை ஒன்று எடுத்து வா. பெண் பார்க்கப் போனபோது அரக்குத்தான் கட்டியிருந்தாள், பார்த்ததும் சரி என்றேன். நீ வந்த பிறகு எனக்கு ஒன்று ஆனால் அதுதான் கோடி. ஊரில் கேட்டால் செத்தவன் சொல்லிவிட்டுப் போனான் என்று சொல். பொங்கியண்ணனிடமும் சொல்லியிருக்கிறேன். அவளாக வெள்ளை கேட்பாள். அவளுக்கு இனி அது முறை இல்லை, தண்டனை. செய்யாத குற்றத்துக்கு அவள் அதைச் சாகிறவரை உடுத்திக்கொண்டு நிற்பாள். அதை நினைத்தால் நெஞ்சு வலி எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

மருதாத்தாளிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றும் சொல்ல வேண்டாம். அவளையும் கூட்டி வா.

சென்னியப்பன்


வண்டன்மேடு,
14-6-1973

மாமா,

பொங்கியண்ணன் ஏலம் முடிந்து இப்போது கிளம்புகிறார். வேனில் ஒருவருக்குத்தான் இடம். மருதாத்தாளைக் கூட்டி வர வேண்டும் என்பதால் நாங்கள் நாளை முதல் பஸ்ஸில் வருகிறோம். இது எங்களுக்கு முன்னால் வந்துவிடும். முடிந்தால் நீங்களே படியுங்கள், முடியாவிட்டால் பொங்கியண்ணன் படிக்கட்டும். அக்கா கேட்டாலும் பரவாயில்லை. அவளுக்குப் பொய் எழுதத் தெரியாதவன் என்று ஆகிவிட்டது.

உண்மையில் டாக்டர் சொன்னது வேறு. பாசியால் இறங்கினாலும் கொஞ்சம்தான் இறங்கியிருக்கும், அதுவும் நிச்சயமில்லை என்றார். தேங்காய் ஊற்றாமல் இருந்திருந்தால் என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அந்த மனிதர் மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. கொதிக்கவைக்கத் தெரியாதவள் என்று எழுதி அவளைக் கிளப்பிவிட்டது நான்தானே, வேறு யார் மேல் கோபப்பட.

உங்கள் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, அக்கா தனியாகச் சொல்லி அனுப்பியதையும் பொங்கியண்ணன் சொன்னார். "எங்க ஊட்டுக்காரரு சொல்றதைக் கேக்க வேண்டாம்னு தம்பிகிட்டச் சொல்லுங்க. எனக்கு வெள்ளைதான் கொண்டாரோணும். நாஞ் செஞ்சதுக்கு அதையாச்சும் கட்டிக்கறன்" என்றாளாம். சொல்லும்போது அழவில்லையாம்.

நேற்று மருதாத்தாளும் நானும் கம்பத்துக்கு ஜவுளிக்கடைக்குப் போனோம். அரக்குச் சேலைகளை எடுத்துப் போட்டார்கள். வெள்ளை கட்டினவள் கலர்ச் சேலையைத் தொட்டுப் பார்ப்பதைக் கடைக்காரன் ஒரு மாதிரிப் பார்த்தான். அவள் கவனிக்கவே இல்லை. ஒவ்வொன்றாக விரித்துத் தோளில் போட்டுப் பார்த்தாள். ஒன்றை எடுத்து, "அக்காளுக்கு இது எடுப்பா இருக்கும்ணா" என்றாள். நாலு வருஷத்தில் அவள் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

பிறகு அவளே வெள்ளையும் கேட்டாள். வேண்டாம் என்றேன். "அக்கா கேட்டுட்டா இல்லீன்னு நிக்கக் கூடாது" என்றாள். கடைக்காரன் எடுத்துப் போட்டதை விரலில் தேய்த்துப் பார்த்து, "இது இடுப்புல அறுக்கும், வெயில்ல ஒட்டிக்கும்" என்று ஒதுக்கினாள். கடைசியில் ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "இது தொவைக்கத் தொவைக்க மெத்துனு ஆகும்ணா, இதையே எடு" என்றாள். வெள்ளையில் நல்லது என்ன, சுமார் என்ன என்று ஒருநாள் கடைக்காரனோடு சண்டை போட்டேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா. அவளுக்குத் தெரிந்திருக்கிறது மாமா. எல்லாம் தெரிந்திருக்கிறது.

இரண்டு சேலையும் ஒரே பையில் இருக்கின்றன. நாளை ராத்திரிக்குள் வந்து சேர்ந்துவிடுவோம். அதுவரை எப்படியாவது இருங்கள். எதை எடுத்து அக்கா கையில் கொடுப்பது என்று எனக்குச் சொல்ல இந்த உலகத்தில் வேறு ஆள் இல்லை. அன்றைக்கு அத்தனை பேருக்கு நடுவில் என்னிடம் எப்படிச் சொன்னீர்களோ, அதே சத்தமான குரலில் நீங்களே சொல்ல வேண்டும்.

குப்பண்ணன்